படித்து முடிப்பதற்குள்

முக்ஹோ துறைமுகம்
மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? மலைப்பக்கம் இன்னும் பனி விட்டிருக்காது. இங்கே நானும் உங்கள் மருமகள் சேபொமும் சுகம். என் தொண்டையும் சுகம். மீன் ஏலம் போடுகிறவனைவிட என் கடைச் சத்தம்தான் உரக்கக் கேட்கிறது என்று துறைமுகத்தில் புகார்.

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். என் மகள் சேபொமுக்குக் கல்யாணம். நானாகத் தேடவில்லை, அவளே பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பையன் பெயர் கில்ஹோ. படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன். காலையில் என் கடைக்கு வந்து மீன் சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தானே கழுவி வைப்பான். சூப்புக்குத்தான் வருகிறான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவள் அப்பா போன பிறகு அந்த நாற்காலி உங்களுடையது. கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவரும் நீங்கள்தான். இதை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். ஆகவே முகத்தையும் கோட்டையும் இஸ்திரி போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் பஸ் ஏறினால் எங்கள் ஊரில் இறங்க வேண்டியதுதான், நடுவில் மாற்றக்கூட வேண்டாம்.

உங்கள் மடக்கு போனை எப்போது கூப்பிட்டாலும் அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்றே சொல்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். போன கடிதத்தை வழக்கம்போலத் திருத்தி அனுப்பியிருந்தீர்கள், சந்தோஷம். என் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதாதீர்கள். செத்தவர்கள் பெயரைத்தானே சிவப்பில் எழுதுவார்கள், எனக்குச் சாகிற எண்ணம் இன்னும் வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடைக்குட்டி
மால்சுன்


ஹான்சில்
ஏப்ரல் 20

மால்சுன்னுக்கு,

நலம். நீயும் சேபொமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி விட்டுவிட்டது.

ஞாயிறன்று வர இயலவில்லை. முழங்கால். தவிர, நம் பியோ குலத்தின் வம்சாவளிப் புத்தகத்தின் புதுப் பதிப்புக்கான மெய்ப்பு வந்திருக்கிறது. அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் இந்த மாதிரி வேலையை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். பிழை திருத்துகிறவன் பாதியில் எழுந்து போகக்கூடாது.

மிளகாய்த்தூளும் உலர்ந்த இலந்தையும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் கடிதத்தில் பிழைகள் குறைந்திருக்கின்றன. திருத்தி இணைத்துள்ளேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
இன்தே


முக்ஹோ
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலுக்கு என் விசாரிப்பு. அதனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. இலந்தையும் வந்தது. மனிதர் மட்டும் வரவில்லை. உங்கள் நாற்காலியில் கில்ஹோவின் அம்மா தன் கைப்பையை வைத்தார். நல்ல பை, அதற்கு மரியாதையாக ஒரு கிண்ணம் சோறு வைக்கலாமா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், சேபொம் சிரிக்கவில்லை.

கல்யாணம் நவம்பர் 11, சனிக்கிழமை. அதற்கு முன்னால் ஜூனில் தானோ பண்டிகைக்கு வாருங்கள். கில்ஹோ உங்களை வணங்க வேண்டும் என்கிறான். ஒரு பெரியவரைப் பார்த்துக் கும்பிடாமல் எப்படிக் கல்யாணம் செய்வது என்று கவலைப்படுகிறான்.

இங்கே ஒரு கூத்து. பரிமாறிக்கொண்டிருந்த பெண் தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஆள் கிடைக்காமல், விரலால் தொட்டு ஆர்டர் சொல்லும் மெஷின் ஒன்றை வாசலில் வைத்தேன். எப்படி நடத்துவது என்று ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். புத்தகம் படிக்கிற முகமா இது? எல்லாப் பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஐஸ் லாரி ஓட்டுகிற மனிதர் பேரில் பதினோரு சூப் ஏறிவிட்டது. அவர் பேசாமல் நண்பர்களைக் கூப்பிட்டுக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு வியாபாரம் நன்றாக இருந்தது. மறுநாளிலிருந்து எனக்கும் அது அத்துபடி.

மழைக்கு முன் வாருங்கள்.

கடைக்குட்டி
மால்சுன்


ஹான்சில்
ஜூலை 2

மால்சுன்னுக்கு,

மழை விடாமல் பெய்கிறது. நான் நலம். கடையில் ஈரத்தில் வழுக்கி விழாமல் இரு.

தானோவுக்கு வர முடியவில்லை. முழங்கால் சற்றுத் தொல்லை கொடுத்தது.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த திருமதி பே பிப்ரவரியோடு நின்றுவிட்டார். ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அவர் இப்போது பூண்டு பயிரிடுகிறார். நான் தினமும் மாலையில் நிலையம்வரை நடந்துபோய்த் திரும்புகிறேன். மனதுக்கு நல்லது.

சேபொமுக்கு என் ஆசி.

இன்தே


முக்ஹோ
ஜூலை 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன்.

இன்றைக்குக் கேலி கொஞ்சம் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடிதத்தில் கில்ஹோ பெயர் உங்கள் பேனாவில் ஒருமுறைகூட வரவில்லை. "சேபொமுக்கு என் ஆசி" என்கிறீர்கள், அவனுக்கு இல்லை. அவன் நகத்தில் கிரீஸ் இருக்கிறது, உண்மைதான். தொழிற்பள்ளியோடு படிப்பு நின்றது, அதுவும் உண்மை. நீங்கள் நாலு எழுத்துக்கு நடுவே ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை உங்கள் கண்ணுக்கு அச்சுப் பிழையாகத் தெரிகிறானா?

நேற்று மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது சேபொம் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமாவுக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடச் சொல்லும்மா. அவர் இல்லாம நான் அந்த வழியில நடக்க மாட்டேன். மண்டபத்த விட்டுடலாம்."

மண்டபத்துக்காரர் ஆகஸ்ட் கடைசிக்குள் உறுதி கேட்கிறார். பிடிக்கவில்லை என்றால் எழுதிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, சிவப்பு மையிலேயே திட்டுங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

மால்சுன்


முக்ஹோ
ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தொப்பி போடாமல் வெளியே போகாதீர்கள்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அதனால் பழைய கடிதங்களையே எடுத்து மறுபடி படித்தேன். நீங்கள்தானே சொல்வீர்கள், அவசரமாகப் படிக்கிறவளுக்கு எழுத்துதான் தெரியும், என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியாது என்று. மெதுவாகப் படித்தேன்.

முழங்கால் வலியால் பஸ்ஸில் உட்கார முடியாத மனிதர் தினமும் பஸ் நிலையத்துக்கு நடந்துபோகிறார். ஏன்? திருமதி பே நின்றுவிட்டார், ஜன்னலை அடைத்துவிட்டார்கள். நான் கேட்காமலே எனக்கு ஏன் அதை எழுதினார்?

அண்ணா, நாற்பத்து மூன்று வயதில் எழுதப் படிக்க இரவு வகுப்பில் சேருகிறவரைக்கும் நான் எத்தனை இடத்தில் "கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்" என்று சொல்லியிருப்பேன் தெரியுமா? வங்கியில், ஆஸ்பத்திரியில், சேபொமின் பள்ளிக்கூடத்தில். எனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது. கண் கழுகு மாதிரி இருந்தது. வகுப்பில் சேர்ந்த முதல் நாள் பார்த்தால், அங்கே உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்தான்.

உங்கள் முழங்கால் என் கண்ணாடிக்கு உறவுக்காரனோ என்று ஒரு சந்தேகம்.

ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது அண்ணா? மெஷினா?

கடைக்குட்டி
மால்சுன்


ஹான்சில்
ஆகஸ்ட் 22

மால்சுன்னுக்கு,

நலம். முழங்காலும் நலம். அதற்கு ஏப்ரலிலும் ஜூனிலும்கூட ஒன்றும் இல்லை.

முதலில் கில்ஹோ. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவன், கிண்ணத்தைத் தானே கழுவுகிறவன். இதற்குமேல் ஒரு மாப்பிள்ளையிடம் என்ன கேட்பது? சேபொம் அழுதிருந்தால் அது என் குற்றம். மண்டபத்தை உறுதி செய்.

நீ நினைத்தது சரி. மெஷின்தான்.

ஏப்ரலில் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். ஊரின் பெயரைத் தொட்டேன், நேரத்தைத் தொட்டேன். பிறகு பயண விதிமுறைகள் என்று ஒன்று வந்தது. அடியில் "முழுவதும் படித்தேன், சம்மதிக்கிறேன்" என்று ஒரு கட்டம். நான் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கும்போது திரை தானாக ஆரம்பத்துக்குப் போய்விட்டது. மறுபடி தொடங்கினேன். மறுபடி போய்விட்டது. எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஒரு சிப்பாய்ப் பையன் பெருமூச்சு விட்டான். அவன் கெட்டவன் இல்லை, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறவன். ஒரு மாணவி மட்டும் அருகில் வந்தாள். "தாத்தா, அதெல்லாம் யாரும் படிக்கமாட்டாங்க. சும்மா அமுக்குங்க" என்றாள். நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தானோவுக்கும் அப்படித்தான். டிக்கெட் இல்லாமல் டிரைவர் ஏற்றமாட்டார். ஆள் இல்லாத மாலைகளில் போய்ப் பழகிப் பார்த்தேன். அப்போதும் அது எனக்காகக் காத்திருக்கவில்லை.

படிக்காததைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டு நான் பழகவில்லை. அதற்காகத்தான் அச்சகத்தில் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு புத்தகத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது கோபித்துக்கொண்டு அட்டைக்குத் திரும்பிப் போனதில்லை.

இதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

இன்தே


முக்ஹோ
ஆகஸ்ட் 28

என் படித்த அண்ணாவுக்கு,

உங்கள் கால் நலம் என்று கேட்டு என் நெஞ்சு நலம். மண்டபம் உறுதி செய்தாயிற்று. கடிதத்தை சேபொமிடம் கொடுத்தேன். கில்ஹோ பற்றிய பகுதியில் அழுதாள், பெருமூச்சு விட்ட சிப்பாய் பற்றிய பகுதியில் சிரித்தாள். இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் மூக்கைத் துடைக்க என் ஏப்ரனைக் கேட்டாள். கில்ஹோ அன்று கடையில் இருந்த எல்லாக் கிண்ணங்களையும் கழுவினான்.

நாலு மாதமாக என் மார்பில் உட்கார்ந்திருந்தது ஒரு மெஷினா! அண்ணனுக்குக் கோபம், அண்ணனுக்கு அலட்சியம் என்று என்னென்னவோ நினைத்தேனே. இன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டேன். காரணம் சொல்லவில்லை, கவலைப்படாதீர்கள்.

கில்ஹோ தன் வண்டியில் வந்து கூட்டிவருகிறேன் என்கிறான். இல்லை, நீங்களே வருவதென்றால் இதோ வழி. எங்கள் ஊர் நிலையத்திலும் அதே மெஷின்தான், போய் நின்று பார்த்து எழுதியிருக்கிறேன். மேலே பஸ் படம் போட்ட நீலக் கட்டத்தைத் தொடுங்கள். அடுத்த திரையில் ஊரின் பெயர். பிறகு வலது பக்கம் அடியில் இருக்கும் பச்சைக் கட்டம். நடுவில் எதையும் படிக்காதீர்கள். படித்தால்தான் வம்பு.

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கடைக்குட்டி
மால்சுன்


ஹான்சில்
செப்டம்பர் 23

மால்சுன்னுக்கு,

நலம். பேரிக்காய் பழுத்துவிட்டது, ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

உன் கடிதத்தோடு போனேன். பிழையே இல்லாத கடிதம், பாராட்டுகிறேன். ஆனால் அதற்குள் திரையை மாற்றிவிட்டார்கள். நீலம் ஆரஞ்சாகிவிட்டது. பச்சைக் கட்டம் இடது பக்கம் மேலே போய்விட்டது. பஸ் படத்தைக் காணவே காணோம். நீ எழுதியது அச்சுப்போல என் கையில் அப்படியே இருக்கிறது. அது சொல்லும் பொருள்தான் உலகத்தில் இல்லை.

வண்டி வேண்டாம். பெண்ணின் கையை ஒப்படைக்கிறவனை மாப்பிள்ளையே எஞ்சின் மாதிரி ஏற்றி இறக்குவது முறையில்லை. நானாக வரவேண்டும்.

அதற்காக ஊர் நலச்சங்கத்தில் வியாழன்தோறும் நடக்கும் மெஷின் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அட்டையில் செய்த மெஷின் ஒன்றும் நிஜமானது ஒன்றும் இருக்கின்றன. கற்றுத்தருகிற பெண் நல்லவள், ஆனால் கொடியவள். ஒருவர் அழுத்தும்போது மற்றவர்கள் பின்னால் வரிசையாக நின்று பெருமூச்சு விடவேண்டும், அதற்கும் பழகட்டும் என்று அவளே விடச்சொல்கிறாள். ஆரம்பத்தில் அவமானமாக இருந்தது. இப்போது நான்தான் எல்லாரையும்விட நன்றாகப் பெருமூச்சு விடுகிறேன் என்கிறார்கள்.

சாப்பாட்டுக் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாத் திரையிலும் தேறிவிட்டேன். விதிமுறையில் மட்டும் நின்றுவிடுகிறேன். "ஐயா, அமுக்குங்க" என்கிறாள் அவள். என் விரல் போகமாட்டேன் என்கிறது.

இன்தே


முக்ஹோ
அக்டோபர் 6

அன்புள்ள மாணவருக்கு,

பேரிக்காய் தித்திப்பு. நீங்கள் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறீர்களா? வீட்டுப்பாடம் முடித்தீர்களா?

உங்கள் விரலை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு எழுத்து வந்த விதம் வேறு, மெஷின் வந்த விதம் வேறு. எழுத்து அசையாமல் நிற்கும். எருமை மாதிரி நான் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அங்கேயே இருக்கும். அதனால் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே கற்றுக்கொள்ள முடிந்தது. மெஷின் கோழி மாதிரி, பிடிக்கப்போனால் ஓடும். அதைத் தனியாகப் பிடிக்க முடியாது, இன்னொருவர் அந்தப் பக்கம் மறிக்கவேண்டும். நான் ஐஸ் லாரிக்காரரைக் கேட்டேன், கில்ஹோவைக் கேட்டேன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கேட்டேன். படிக்காதவளுக்கு ஒரு வசதி உண்டு, கேட்பதற்குக் கூசாது. உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விட மட்டும் வரவில்லை அண்ணா. திரும்பிப் பாருங்கள்.

இனி விதிமுறை. இத்துடன் இருக்கிற தடித்த கட்டு அதுதான். சேபொம் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள், முக்குக் கடையில் காகிதத்தில் அடித்து வாங்கினேன். கடைசி வரி வரைக்கும் இருக்கிறது. அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தேநீர் குடித்து, ஒரு வாரம் படியுங்கள். இது எங்கேயும் ஓடிப்போகாது. படித்துவிட்டால் அங்கே போய் "படித்தேன்" என்று அழுத்துவது பொய் இல்லையே?

சிவப்பு மை போதுமா, வாங்கி அனுப்பவா?

கடைக்குட்டி
மால்சுன்


ஹான்சில்
அக்டோபர் 25

மால்சுன்னுக்கு,

நலம். இலை உதிர்கிறது, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

முழுவதும் படித்தேன். நியாயமான விதிமுறைகள்தான், மொழி மோசம். திருத்தி நிறுவனத்துக்கே தபாலில் அனுப்பிவிட்டேன். கடைசிப் பத்தியில், இவற்றை முன்னறிவிப்பின்றி மாற்றுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு இரவு யோசித்தேன். இவ்வளவு தூரம் எனக்காக மெனக்கெட்டவர்கள் இருக்கும்போது அதற்கும் சம்மதிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதிய பஸ்ஸில் வருகிறேன். கோட்டு இஸ்திரி போட்டாயிற்று.

இன்தே


முக்ஹோ
நவம்பர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்திருப்பீர்கள். கல்யாணச் சாப்பாட்டில் மூன்று கிண்ணம் நூடுல்ஸ் உள்ளே போனதே, வயிறு ஒத்துக்கொண்டதா?

நீங்கள் சேபொமின் கையைப் பிடித்து நடந்தபோது நான் உங்கள் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஆரோக்கியமான கால்! கில்ஹோ நெற்றி தரையில் படக் கும்பிட்டு எழுந்தபோது, அவன் நகத்தை நீங்கள் பார்த்ததையும் பார்த்தேன். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விருந்தில் நீங்கள் எல்லாருக்கும் சொன்ன கதையும் அருமை. மெஷின்முன் சந்தேகம் வந்து திரும்பிக் கேட்கப்போனால், பின்னால் நின்றது திருமதி பே. மகனைப் பார்க்கக் கிளம்பியவர், அத்தனை வருஷம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு இப்போது தனக்கே ஒரு டிக்கெட் எடுக்கத் தெரியாமல் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாராம். "வாத்தியார் மாதிரி எனக்கு எடுத்துக் குடுத்தாரு" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாராம். அவருக்குப் பூண்டு நன்றாக விளைகிறதா அண்ணா? சும்மா கேட்டேன்.

ஆனால் விருந்தில் நீங்கள் ஒன்றைச் சொல்லவில்லை.

இங்கே நிலையத்தில் நான் காத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் பேரிக்காய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். டிரைவர் நேராக நிலைய அலுவலகத்துக்கு வந்து, உங்களிடம் மிச்சக் கட்டணம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று நான்தான் மூக்கை நுழைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். திருமதி பேவுக்குச் சரியாக எடுத்துக் கொடுத்த கெட்டிக்காரர், தனக்கு எடுக்கும்போது அவசரத்தில் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டுவிட்டாராம். ஹான்சிலில் ஏறும்போது உங்கள் டிக்கெட்டைப் பஸ் மெஷின்மேல் காட்டியதும் அது ஒரு பெண் குரலில் எல்லாருக்கும் கேட்க "ஆரம்பப் பள்ளிக் குழந்தை" என்று சொன்னதாம்.

"ஐயா, இது சின்னப் பசங்க டிக்கெட்" என்றாராம் டிரைவர்.

நீங்கள் கோட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னீர்களாம்: "சரியாத்தான் இருக்கு. இந்தப் பள்ளிக்கூடத்துல இப்பத்தான் சேர்ந்திருக்கேன். வித்தியாசத்த அங்க போய்க் கட்டிடறேன், இப்ப வண்டிய எடுங்க. என் மருமகளுக்குக் கல்யாணம்."

பிப்ரவரியில் அம்மாவின் திதிக்கு வாருங்கள். நிலையத்துக்கு நான் வரமாட்டேன், நீங்களே வந்துவிடுவீர்கள்.

இந்தக் கடிதத்தை எங்கே வேண்டுமானாலும் திருத்துங்கள். அந்தப் பெண் குரல் சொன்னதில் மட்டும் சிவப்பு மை வைக்காதீர்கள்.

கடைக்குட்டி
மால்சுன்